நுரையீரல் நாட்யூல்: ரிப்போர்ட்ல இருக்குற மிமீ கணக்க எப்படிப் படிக்குறது, எவ்ளோ நம்பலாம்

"போன வருஷம் 6 மிமீ, இப்ப 7 மிமீன்னு போட்டிருக்காங்களே, வளந்துருச்சா சார்?" ஸ்கேன் ரூம் வாசல்ல என் காதுல அதிகமா விழற கேள்வி இதுதான். நாட்யூல்னா நுரையீரல் படத்துல தெரியுற சின்ன உருண்டைப் புள்ளி, அதோட சைஸ தான் கேக்குறாங்க. நான் டாக்டர் இல்ல, சிடி மெஷின் ஓட்டுற டெக்னீஷியன், அதனால உங்க நாட்யூல் நல்லதா கெட்டதான்னு நான் சொல்லப்போறதில்ல, ஆனா அந்த நம்பர் எப்படி வருதுன்னு தினமும் பாக்குற ஆளு, அதனால அத எவ்ளோ தூரம் நம்பலாம்னு சொல்ல முடியும். சுருக்கமா சொன்னா வெறும் 1 மிமீ வித்தியாசத்த வச்சு வளந்துச்சுன்னும் சொல்ல முடியாது, சுருங்கிச்சுன்னும் சொல்ல முடியாது. ஏன்னு கீழ வரிசையா எழுதுறேன், ரிப்போர்ட்ட பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

1. மொதல்ல பழைய படத்தையெல்லாம் தேடி எடுங்க

கூகுள் பண்றதுக்கு முன்னாடி பீரோவத் திறங்க. 2020, 2021-ல கொரோனா டைம்ல பாதி ஊரு செஸ்ட் சிடி எடுத்துச்சு, அந்தக் கவர் எங்கயாவது கட்டிலுக்கு அடியில கிடக்கும். வயித்து வலிக்கு எடுத்த அப்டமன் சிடில கூட மேல் பக்கத்து ஸ்லைஸ்ல (உடம்ப குறுக்க வெட்டினாப்ல வர்ற ஒவ்வொரு படமும் ஒரு ஸ்லைஸ்) நுரையீரலோட அடிப்பகுதி தெரியும், ஹார்ட்டுக்கு எடுத்த சிடி ஆஞ்சியோல நடுப்பகுதி தெரியும். அப்ப யாரும் ரிப்போர்ட்ல எழுதலேன்னாலும் படத்துல அந்தப் புள்ளி இருந்துருக்கலாம். கெட்டியான நாட்யூல் ரெண்டு வருஷத்துக்கு முந்தின படத்துலயும் அதே சைஸ்ல இருக்குன்னு காட்டிட்டா பெரும்பாலும் கதை அங்கயே முடிஞ்சிடும், புது ஸ்கேன் எடுக்குற செலவும் மிச்சம். நான் பாத்தவரைக்கும் ஜனங்க ரிப்போர்ட் பேப்பர பத்திரமா லேமினேட் பண்ணி வச்சிட்டு டிஸ்க்க பிள்ளைங்க விளையாடக் குடுத்துடுறாங்க, உண்மையில தேவைப்படுறது அந்த டிஸ்க்கு தான். பேப்பர்ல இருக்குற நம்பர பேப்பர்ல இருக்குற நம்பரோட ஒப்பிடுறதுங்குறது ஒப்பீடே இல்ல, படத்த படத்தோட பக்கத்துல வச்சு ஒரே ஆளு ரெண்டையும் அளக்கணும்.

ஃபிலிம மொபைல்ல போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பி "எத்தன மிமீ பாருங்க"ன்னு கேக்காதீங்க. அதுல ஒண்ணும் அளக்க முடியாது.

2. என்ன வகை நாட்யூல்னு பாருங்க, சைஸ் அப்புறம்

எல்லாரும் நேரா நம்பருக்குப் போயிடுறாங்க. அதுக்கு முன்னாடி இருக்குற வார்த்தைய படிங்க. "கால்சிஃபைடு"ன்னு இருந்து, சுண்ணாம்பு முழுசா நிரம்பியோ நடுவுலயோ அடுக்கடுக்காவோ படிஞ்சிருந்தா அது பெரும்பாலும் பழைய இன்ஃபெக்‌ஷன் ஆறின தழும்பு, டிபி நிறைய இருக்குற நம்ம நாட்டுல இது ரொம்ப சகஜம். அத 4-ஆ 5-ஆன்னு அளந்து கவலப்படுறதுல அர்த்தமே இல்ல. "பெரிஃபிஷரல்"னு, அதாவது நுரையீரல் மடலுங்களுக்கு நடுவுல இருக்குற கோட்ட ஒட்டி முக்கோணமா தட்டையா இருக்குன்னு எழுதியிருந்தா பொதுவா அது சின்ன நெணநீர் முடிச்சு தான்.

மிச்சம் மூணு வகை. "சாலிட்"னா கெட்டி. "கிரவுண்ட் கிளாஸ்"னா புகை படிஞ்ச கண்ணாடி மாதிரி மங்கலா, அதுக்குப் பின்னாடி ரத்தக்குழாய் தெரியும். "பார்ட் சாலிட்"னா மங்கலுக்குள்ள ஒரு கெட்டிப் பகுதி. இந்த மூணாவத தான் டாக்டருங்க ஜாக்கிரதையா பாப்பாங்க, அதுல மொத்த சைஸ விட உள்ள இருக்குற கெட்டிப் பகுதி எவ்ளோங்குறது தான் முக்கியம், அதனால ரிப்போர்ட்ல ரெண்டு நம்பரும் தனித்தனியா இருக்கணும். இல்லேன்னா கேட்டு வாங்குங்க. மங்கலான ஓரத்த எங்க முடியுதுன்னு கோடு போடுறது கஷ்டம்கிறதால அளவு ஆளுக்கு ஆள் மாறுறதும் இந்த வகைகள்ல தான் அதிகம்.

3. அந்த நம்பர் எப்படிப் பொறந்துச்சுன்னு புரிஞ்சுக்கங்க

இங்க தான் கொஞ்சம் நேரம் செலவு பண்ணணும்.

சிடி படம் ஒவ்வொண்ணும் 512-க்கு 512 கட்டம். செஸ்ட்டுக்கு நாங்க வைக்கிற அகலம் சுமாரா 350 மிமீ. வகுத்துப் பாத்தா ஒரு கட்டம் கிட்டத்தட்ட 0.7 மிமீ. அப்ப 6 மிமீ நாட்யூல்னா ஸ்கிரீன்ல குறுக்க எட்டு ஒம்போது கட்டம் தான், பெருசு பண்ணிப் பாத்தா ஓரம் கருப்புலேர்ந்து சாம்பலாகி சாம்பல்லேர்ந்து வெள்ளையாகுற ஒரு மங்கல், கத்தி வச்சு வெட்டினாப்ல ஒரு எல்லையே கிடையாது. ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தப் பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டர், மவுஸால இந்தப் பக்கம் ஒரு கட்டம் தள்ளி, அந்தப் பக்கம் ஒரு கட்டம் தள்ளி கிளிக் பண்ணாருன்னா 1.4 மிமீ போச்சு. அவரு கவனக்குறைவா செஞ்சாருன்னு அர்த்தம் இல்ல, படத்துல இருக்குறதே அவ்ளோ தான்.

2004-ல ரேடியாலஜி ஜர்னல்ல வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு இதத்தான் அளந்து பாத்துச்சு, அதே சின்ன நாட்யூல அதே படத்துல வேற வேற ரேடியாலஜிஸ்ட் அளந்தா வித்தியாசம் சுமார் 1.7 மிமீ வரைக்கும் போகும்னு வந்துச்சு. அதுலயாவது படம் ஒண்ணு தான். 2011-ல நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரில நுரையீரல் கேன்சர் இருக்குற 30 பேர டேபிள்ல படுக்க வச்சு ஒரு ஸ்கேன் எடுத்து, எறக்கி, 15 நிமிஷத்துக்குள்ள மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தாங்க. கால் மணி நேரத்துல எந்தக் கட்டியும் வளராது. ஆனா பாதிக்கு மேல அளவு 1 மிமீயோ அதுக்கு மேலயோ மாறியிருந்துச்சு, மூணுல ஒரு பங்குல 2 மிமீயோ அதுக்கு மேலயோ. அது நாட்யூல விடப் பெரிய கட்டிங்க, இருந்தாலும் விஷயம் புரியுதுல்ல.

இன்னொரு குழப்பம் எந்தப் பக்கத்த அளந்தாங்கங்குறது. ஃப்ளைஷ்னர் சொசைட்டின்னு ஒரு அமைப்பு, நாட்யூல் விஷயத்துல உலகம் முழுக்க டாக்டருங்க அதிகமா பாக்குற விதி அவங்களுது தான், 2017-ல கடைசியா புதுப்பிச்சாங்க. அவங்க சொல்றது, 10 மிமீக்குக் கீழ இருக்குற நாட்யூலுக்கு நீளம் அகலம் ரெண்டையும் அளந்து சராசரி எடுத்து முழு மிமீக்கு ரவுண்டு பண்ணி எழுதணும், 3 மிமீக்குக் கீழன்னா நம்பரே போடாம மைக்ரோநாட்யூல்னு விட்டுடலாம். ஆனா நம்ம ஊர்ல ஒரு சென்டர்ல நீளத்த மட்டும் போடுவாங்க, இன்னொண்ணுல நீளம் பெருக்கல் அகலம்னு போடுவாங்க, மூணாவதுல சராசரி. இப்ப 8-க்கு 5 இருக்குற ஒரே நாட்யூல எடுத்துக்கங்க, மொத ரிப்போர்ட்ல "8 மிமீ", ஆறு மாசம் கழிச்சு வேற எடத்துல "6.5 மிமீ". வீட்ல எல்லாரும் கரைஞ்சிடுச்சுன்னு சாமிக்குத் தேங்கா ஒடைப்பாங்க. ஒண்ணும் கரையல, கணக்கு தான் மாறியிருக்கு. இதே தலைகீழா நடந்தா வீடே இழவு வீடா ஆயிடும்.

படுக்கவாட்டுல வெட்டின படத்துல அளந்தாங்களா, மேல கீழ வெட்டின கரோனல்ல அளந்தாங்களாங்குறதும் இருக்கு. மேல் கீழா நீண்டிருக்குற நாட்யூல் ஒரு படத்துல உருண்டையா தெரியும், இன்னொண்ணுல கொழுக்கட்டையா தெரியும்.

4. ரெண்டு ஸ்கேனும் ஒரே மாதிரி எடுத்ததான்னு பாருங்க

ஸ்லைஸ் தடிமன் தான் இதுல பெரிய ஆளு. ஃப்ரூட் பிரெட்ட தடியா வெட்டினா உள்ள இருக்குற டூட்டி ஃப்ரூட்டி பாதி இந்தத் துண்டுல பாதி அந்தத் துண்டுல போயிடும்ல, அதே தான். 5 மிமீ ஸ்லைஸ்ல 5 மிமீ நாட்யூல் ரெண்டு ஸ்லைஸுக்கும் பங்கு போயி, சுத்தியிருக்குற காத்தோட கலந்து மங்கிடும், கெட்டியா இருக்குறது கூட கிரவுண்ட் கிளாஸ் மாதிரி தெரியும். அதனால தான் 1.5 மிமீயோ அதுக்குக் கீழயோ இருக்குற மெல்லிசு ஸ்லைஸ்ல தான் அளக்கணும்னு விதி. இன்னைக்கு இருக்குற மெஷின் எல்லாம் 1 மிமீ சாதாரணமா குடுக்கும். சிக்கல் என்னன்னா ஃபிலிம்ல அடிக்கிறது பெரும்பாலும் 5 மிமீ தான், மெல்லிசு படம் கம்ப்யூட்டர்ல கொஞ்ச நாள் இருக்கும், அப்புறம் எடம் பத்தலேன்னு அழிச்சிடுவாங்க. படத்தோட மூலையில சின்ன எழுத்துல ஸ்லைஸ் தடிமன் போட்டிருக்கும், பாருங்க. பழைய காலத்து எச்ஆர்சிடின்னா (நுரையீரலுக்கு எடுக்குற ஹை ரெசல்யூஷன் சிடி) இன்னும் மோசம், 10 மிமீக்கு ஒரு தடவ ஒரு மெல்லிசு ஸ்லைஸ் எடுத்துட்டு நடுவுல இருக்குறத விட்டுடுவாங்க, நாட்யூல் அந்த இடைவெளியிலயே ஒளிஞ்சுக்கும். அந்த மாதிரி படத்துல இல்லாதது இப்ப இருக்குன்னா "புதுசா வந்துருச்சு"ன்னு உடனே முடிவு பண்ணக் கூடாது.

அடுத்தது மூச்சு. இது எங்க கையிலயும் உங்க கையிலயும் இருக்கு. "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க"ன்னு சொன்னா நிறைய பேரு, முக்கியமா வயசானவங்க, வயித்த எக்கிட்டு தோள மேல தூக்குவாங்க, காத்து உள்ள போயிருக்காது. சில மெஷின்ல பதிவு பண்ணின குரல் இந்திலயோ இங்கிலீஷ்லயோ வரும், தாத்தா அது என்னன்னு யோசிக்கிறதுக்குள்ள டேபிள் நகந்து ஸ்கேன் முடிஞ்சிருக்கும். காது கேக்காதவங்கன்னா கேக்கவே வேணாம். பாதி மூச்சுல எடுத்தா நுரையீரல் சுருங்கி இருக்கும், நாட்யூல் அளவும் மாறும், ஓரமும் தெளிவா இருக்காது. இதயத்த ஒட்டி எடது கீழ்ப்பக்கம் இருக்குற நாட்யூல்னா ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும், அங்க அளவு எப்பவுமே கொஞ்சம் முன்னப் பின்ன தான். நான் டேபிள்ல படுக்க வச்சதும் ஸ்கேனுக்கு முன்னாடி ரெண்டு தடவ மூச்சு ஒத்திகை பாப்பேன், உங்க சென்டர்ல அப்படிச் செய்யலேன்னா நீங்களே கேளுங்க, தப்பே இல்ல.

படத்த கூர்மையா காட்டுற செட்டிங்கா மிருதுவா காட்டுற செட்டிங்கான்னு ஒண்ணு இருக்கு, லங் விண்டோல (நுரையீரல் தெளிவா தெரியுற வெளிச்ச செட்டிங்) அளந்தாங்களா மீடியாஸ்டைனல் விண்டோல (நெஞ்சு நடுவுல இருக்குற இதயம், ரத்தக்குழாய் தெளிவா தெரியுற செட்டிங்) அளந்தாங்களான்னு ஒண்ணு இருக்கு. ரெண்டாவதுல மங்கல் பகுதி காணாமப் போயி நாட்யூல் சின்னதாயிடும், மொத்த சைஸ லங் விண்டோல தான் அளக்கணும். கான்ட்ராஸ்ட் ஊசி ஃபாலோ அப்புக்குப் பொதுவா தேவையில்ல, டாக்டர் வேற காரணத்துக்குக் கேட்டா போட்டுக்கங்க.

5. இப்ப நம்பர ஒப்பிடலாம்

கெட்டி நாட்யூலுக்கு சராசரி அளவு 2 மிமீயோ அதுக்கு மேலயோ கூடினா தான் வளர்ச்சின்னு எடுத்துக்கலாம்னு ஃப்ளைஷ்னர் சொல்லுது. புகைபிடிக்கிறவங்களுக்குன்னு நடத்துற ஸ்கிரீனிங்ல பயன்படுத்துற லங்-ராட்ஸ்ங்குற விதில ஒரு வருஷத்துக்குள்ள 1.5 மிமீக்கு மேல கூடணும். ஏன் அவ்ளோன்னு மேல படிச்சவங்களுக்கு இப்ப தெரிஞ்சிருக்கும், அதுக்குக் கீழன்னா கை நடுக்கமா வளர்ச்சியான்னு பிரிக்கவே முடியாது.

அதுக்காக 1 மிமீன்னா ஒண்ணுமே இல்லன்னு தூக்கிப் போடவும் கூடாது, இங்க ஒரு கணக்கு இருக்கு. நாட்யூல் உருண்டை, குறுக்களவு கொஞ்சம் கூடினாலே கன அளவு எகிறும். 6 மிமீ உருண்டையோட கன அளவு 113 கன மிமீ, 7 மிமீன்னா 180. குறுக்களவு 26 சதவீதம் கூடினாலே கன அளவு ரெண்டு மடங்கு, அதாவது 5 மிமீ இருந்தது 6.3 ஆனா போதும். உண்மையில கூடியிருந்தா அது பெரிய விஷயம், ஆனா உண்மையில கூடிச்சான்னு மிமீல கண்டுபுடிக்க முடியாது. இதனால தான் கன அளவையே சாஃப்ட்வேர வச்சு அளக்குற முறை வந்துச்சு. நெதர்லாந்து, பெல்ஜியத்துல நடந்த நெல்சன்ங்குற நுரையீரல் கேன்சர் ஸ்கிரீனிங் ஆய்வு, 2020-ல முடிவு வந்துச்சு, அதுல இந்த முறையத்தான் வச்சாங்க, கன அளவு 25 சதவீதத்துக்குக் கீழ மாறினா வளர்ச்சின்னே எடுத்துக்கல. பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2015 விதியும் முடிஞ்சா கன அளவு தான் பாக்கணும்னு சொல்லுது. ஆனா சாஃப்ட்வேரும் சாமி இல்ல. ரத்தக்குழாயையோ நெஞ்சுச் சுவரையோ ஒட்டியிருக்குற நாட்யூல்ல அதயும் சேத்து வளைச்சுப் புடிச்சிடும். ஒரு கம்பெனி சாஃப்ட்வேர்ல வந்தத இன்னொரு கம்பெனி சாஃப்ட்வேர்ல வந்ததோட ஒப்பிடுறதும் தப்பு. கலர் கலரா ஏஐ ரிப்போர்ட் குடுத்தாங்கன்னா நாட்யூல சுத்தி அது போட்ட எல்லைக்கோடு சரியா உக்காந்திருக்கான்னு ரேடியாலஜிஸ்ட் பாத்தாரான்னு கேளுங்க.

எவ்ளோ நாள் இடைவெளிங்குறதும் கணக்குல வரணும். 8 மிமீ மூணு மாசத்துல 10 மிமீ ஆனா கன அளவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, டாக்டர் அடுத்த கட்டத்துக்குப் போவாரு. அதே 8 லேர்ந்து 10 ஆக ரெண்டு வருஷம் ஆச்சுன்னா கதை வேற, அதுக்காக விட்டுட முடியாது, ஆனா அவசரமும் அவ்ளோ இல்ல. நெல்சன்ல ரெண்டு மடங்காக 400 நாளுக்குக் கீழ எடுத்தா தான் வேகம்னு வச்சாங்க. ரெண்டு மூணு வாரத்துலயே ரெண்டு மடங்கு ஆச்சுன்னா அது பெரும்பாலும் இன்ஃபெக்‌ஷன்.

6. அடுத்த ஸ்கேன அவசரப்பட்டு எடுக்காதீங்க

இது என்னோட தனிப்பட்ட புலம்பல். "மூணு மாசம் எல்லாம் காத்திருக்க முடியாது சார், அடுத்த மாசமே எடுத்துப் பாத்துடலாம்"னு காசு குடுத்து எடுக்குறவங்க நிறைய. மோசமான நாட்யூல்னே வச்சுக்குவோம், 200 நாள்ல ரெண்டு மடங்கு ஆகுற வகை, இப்ப 6 மிமீ. ஒரு மாசத்துல அது 6.2 ஆகும். மூணு மாசத்துல 6.7 ஆகும். ஆறு மாசத்துல 7.4. அளக்குறதுல இருக்குற ஆட்டமே ஒண்ணரை மிமீன்னு இருக்கும்போது 0.2 மிமீய எந்த மெஷின் கண்டுபுடிக்கும்? ஒரு மாசத்துல எடுத்து "மாற்றம் இல்ல"ன்னு வந்தா அது நல்ல செய்தியே இல்ல, வெறும் காலிச் செய்தி, அத நம்பி அடுத்தத எடுக்காம விட்டுட்டா தான் ஆபத்து. அதனால தான் ஃப்ளைஷ்னர் விதில 6 லேர்ந்து 8 மிமீ கெட்டி நாட்யூலுக்கு 6 லேர்ந்து 12 மாசம் கழிச்சுன்னு வச்சிருக்காங்க, 8-க்கு மேலன்னா மூணு மாசத்துல ஸ்கேனோ, பெட் ஸ்கேனோ (வேகமா வேலை செய்யுற செல்லுங்கள மின்ன வச்சுக் காட்டுற ஸ்கேன்), பயாப்சியோ (சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்குறது)ன்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு, 6-க்குக் கீழ இருந்து ரிஸ்க்கும் கம்மின்னா ஃபாலோ அப்பே வேணாம்னு இருக்கு. கிரவுண்ட் கிளாஸ் வகை மெதுவா நகரும், அத 5 வருஷம் வரைக்கும் விட்டு விட்டு பாப்பாங்க. இந்த விதியெல்லாம் 35 வயசுக்கு மேல, ஏற்கனவே கேன்சர் இல்லாத, எதிர்ப்பு சக்தி நல்லா இருக்குறவங்களுக்குத் தான், மத்தவங்களுக்கு டாக்டர் வேற கணக்குப் போடுவாரு.

பெட் ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடுமேன்னு கேப்பீங்க. 8 மிமீக்குக் கீழ அது நம்பகமா புடிக்காது, டிபி புண்ணு இருந்தா கேன்சர் மாதிரியே மின்னும்.

எடுக்கப் போகும்போது இத சொல்லிட்டு எடுங்க: நாட்யூல் ஃபாலோ அப், பிளைன் (கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாம), லோ டோஸ் (கம்மி கதிர்வீச்சு) போதுமான்னு டாக்டர்ட்ட கேட்டாச்சு, 1 மிமீ ஸ்லைஸ் டைகாம் படத்த (அளக்க முடியுற ஒரிஜினல் டிஜிட்டல் படம்) டிஸ்க்குலயோ பென் டிரைவ்லயோ குடுங்க, இந்தாங்க பழைய டிஸ்க், இதோட ஒப்பிட்டு ரிப்போர்ட் வேணும். முடிஞ்சா போன தடவ எடுத்த அதே சென்டர், அதே மெஷின். ரிப்போர்ட்ல எந்த ஸ்லைஸ் நம்பர்ல அளந்தாங்கன்னு எழுதியிருந்தா அடுத்த டாக்டருக்குத் தேடுற வேலை மிச்சம். பழைய டிஸ்க்க குடுத்துட்டு திரும்ப வாங்க மறக்காதீங்க, எங்க கவுன்ட்டர் டிராயர்ல அனாதையா எத்தன டிஸ்க் கிடக்குது தெரியுமா.

7. மிமீக்காகக் காத்திருக்கக் கூடாத எடங்க

இவ்ளோ நேரம் பதறாதீங்கன்னு சொன்னது நம்பர் கொஞ்சம் ஆடினதுக்கு மட்டும் தான். நாட்யூல் ஓரம் முள்ளு முள்ளா இருக்கு, ஸ்பிகுலேட்டட்னு எழுதியிருக்காங்கன்னா, மங்கலா மட்டும் இருந்ததுக்குள்ள புதுசா கெட்டிப் பகுதி வந்துருக்குன்னா, சைஸ் மாறலேன்னாலும் டாக்டர்ட்ட உடனே போங்க. சளில ரத்தம், காரணமே இல்லாம எடை குறையுறது, வாரக்கணக்கா விடாத இருமல், ஏற்கனவே வேற எடத்துல கேன்சர் இருந்தது, ரொம்ப வருஷம் பீடி சிகரெட் புடிச்சது, இதுல எது இருந்தாலும் ஃபாலோ அப் தேதி வரைக்கும் உக்காந்திருக்காம மொதல்லயே வாயத் தொறந்து சொல்லிடுங்க. ஸ்கேன் சீட்டுல அந்த விவரம் இல்லேன்னா ரேடியாலஜிஸ்ட்டுக்கு அது தெரியவே தெரியாது, அவரு முன்னாடி இருக்குறது படம் மட்டும் தான்.